நிலப்படமும் ஊர்த்தோற்றமும்: எட்டியாந்தோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பழைய நிலப்படம் ஒன்றைக் கண்டெடுத்தவிடத்துப் பெருமகிழ்வு எய்துதல் இயல்பு. தெருவும் சந்தியும் பாலமும் எல்லையும் கோடுகளாய்க் கிடக்கும் அத்தாளை விரித்து வைத்து, இன்ன ஆண்டில் இவ்வூர் இவ்வாறு தோன்றிற்று எனத் துணிந்து கூறுவர். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் அளிக்கும் மதிப்பினும் கூடிய மதிப்பை அதற்கு அளிப்பாரும் உளர். ஆயினும், கல்வெட்டைப் படிப்போர் அதனை வெட்டுவித்தோன் யாவன், எப்பயன் கருதி வெட்டுவித்தான் என்று முதற்கண் வினவுவர். நிலப்படத்தைப் படிப்போர் அவ்வினாவை எழுப்புவது அரிது. புலவன் மிகைபடக் கூறுவான், அளவுகாரன் உள்ளதையே வரைவான் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பகுதிச் சிறுபட்டினங்கள், அவற்றுள்ளும் களனி கங்கைக் கரையிலமைந்த எட்டியாந்தோட்டை, ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும்.

நூல் ஒன்றை அணுகுதற்குத் தமிழ் இலக்கணம் நல்லதோர் அளவுகோலை வகுத்துத் தந்துள்ளது. சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை உணர்த்தல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. நூலைச் செய்தவன் யார், அது எந்நூலின் வழிவந்தது, எந்நில எல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர் யாது, எம்முறையால் யாக்கப்பட்டது, எப்பொருளை நுதலியது, அதனைக் கேட்டற்குரியோர் யாவர், அதனால் எய்தும் பயன் யாது என்பனவே அவ்வெட்டும். நிலப்படமும் ஒருவகை நூலே. அதற்கும் ஆக்கியோன் உண்டு, பயனும் உண்டு. ஆயின், அப்பயன் படத்தின் முகப்பில் எழுதப்படுவதில்லை. எனவே பாயிரம் இல்லாத அந்நூலுக்கு நாமே பாயிரம் தேடிக்கொள்ளல் வேண்டும்.

தமிழர் ஊர்த்தோற்றத்தை உரைத்த முறையும் ஈண்டு நினையத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை நல்லூர் நகரின் ஆக்கத்தை அரசன் செயலாகக் கூறும். அரசன் நாள் குறித்து நகர் எடுத்தான், நாற்றிசையிலும் காவலாகக் கோயில்களை அமைத்தான் என்பது அதன் போக்கு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையோ வேறொரு நெறியைக் காட்டும். அங்கே புகார் நகரத்துத் தெருக்கள் அவற்றில் வாழ்வோராலும் அவர்தம் தொழிலாலும் அறியப்படுகின்றன. மீன் விற்போர், உப்பு விற்போர், நெய்வோர், கொல்லர், தச்சர், யவனர் ஆகியோர் வாழும் மருவூர்ப்பாக்கம் ஒருபால். அரச வீதியும் வணிகர் மாடங்களும் அமைந்த பட்டினப்பாக்கம் மற்றொருபால். இரண்டற்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி. வைபவமாலை ஊரை எடுத்தவனைக் கூற, சிலம்பு ஊராய் இருந்தவர்களைக் கூறுகின்றது. இவ்விருவகைக் கூற்றுள் நிலப்படம் எதனைச் சார்ந்தது? பார்வைக்கு அது சிலம்பைப் போலத் தெருத்தெருவாய் விரியும். உண்மையிலோ வைபவமாலையைச் சார்ந்தது. அது அதிகாரத்தின் செயலையே எழுதுகின்றது.

இனிச் சப்பிரகமுவத்துக்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் ஆங்கில ஆட்சியில் 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. இங்குள்ள ஊர்கள் எல்லாம் ஒரே வகையாகத் தோன்றியவை அல்ல. களுகங்கைக் கரையிலுள்ள இரத்தினபுரி மணிக்கற்களாலும் சமன் தேவாலயத்தாலும் பழம்புகழ் பெற்றது. போர்த்துக்கேயர் அத்தேவாலயத்தை அழித்து அவ்விடத்தில் அரண் அமைத்தனர். வீழ்ந்த சிங்கள வீரன்மீது போர்த்துக்கேய வீரன் நிற்பதைக் காட்டும் புடைப்புச் சிற்பம் ஒன்று மீண்டெழுந்த தேவாலயத்தில் இன்றும் காணப்படுகின்றது. எனவே இரத்தினபுரியின் பழமை கோயிலும் கோட்டையும் பற்றியது. கேகாலையோ 1820களில் அமைந்த கொழும்பு-கண்டிப் பெருவீதியினால் வளர்ச்சியுற்றது. றம்புக்கனை 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதையினால் முதன்மை பெற்றது. பலாங்கொடையும் இறக்குவானையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தோட்டங்களோடு சேர்த்துப் பேசப்பட்டவை. கோட்டை, வீதி, புகையிரதம், தோட்டம் என்னும் இந்நான்கனுள் முதல் மூன்றினையும் நிலப்படம் செவ்வையாகக் காட்டும். நான்காவதைக் காட்டும் முறையிலேதான் ஐயம் எழுகின்றது.

எட்டியாந்தோட்டை இந்நான்காம் வகையைச் சார்ந்தது. அதன் பெயரிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம். தோட்டங்கள் சூழ்ந்த ஊராதலின் அதன் பெயரிலுள்ள 'தோட்டை' என்பது தோட்டம் என்பதன் திரிபே எனக் கருதுவார் பலர். அது பொருந்தாது. சிங்களத்தில் 'தொட்ட' என ஒலிக்கும் ஈற்றுச்சொல் ஆற்றுத்துறையை அல்லது கடற்றுறையைக் குறிப்பது. அம்பாந்தோட்டை என்பதிலும் இதுவே ஈறாக நிற்கின்றது. தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல் 'வத்த' என்பதாகும். அது தமிழில் 'வத்தை' என வழங்கும். இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தையில் அதனைக் காணலாம். ஆகவே தோட்டம் எனத் தோன்றும் பெயரில் துறையும், தோட்டம் எனத் தோன்றாத பெயரில் தோட்டமும் மறைந்து நிற்கின்றன. பெயர் மயக்கந்தானே என இதனை ஒதுக்குதல் தகாது. எட்டியாந்தோட்டை என்னும் தமிழ்ப் பெயர் ஊரின் இரு பருவங்களையும் ஒருங்கே ஏந்தி நிற்கின்றது. துறையாய் இருந்த இடம் தோட்டத்து மக்களின் நாவிலே தோட்டையாயிற்று. அத்திரிபைச் செய்த மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதற்கு அத்திரிபே சான்று. இத்தகைய சான்று எந்த அளவுகாரரின் ஏட்டிலும் ஏறுவதன்று.

துறை ஊரானமைக்குக் களனி கங்கையே காரணம். மலைநாட்டில் ஊற்றெடுத்துக் கித்துள்கலை வழியாக இறங்கும் ஆறு இப்பகுதியிற்றான் படகுப் போக்குவரவுக்கு இடந்தரும் நிலையை அடைகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் களனிப் பள்ளத்தாக்கிலே தேயிலை பெருகியபோது, பெட்டிகள் படகேறிக் கொழும்புக்குச் சென்றன. கோப்பியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்டதும், அதன்பின் தேயிலை பரவியதும், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தாழ்ந்த சரிவுகளை இறப்பர் பற்றிக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. அதே காலத்தில் இரண்டடி ஆறங்குல அகலமுடைய ஒடுங்கிய புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டையை வந்தடைந்தது. அவிசாவளையிற் பிரிந்த மற்றொரு பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்காவுக்கும் நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942ஆம் ஆண்டில், போர்க்காலத்திலே, மூடப்பட்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட இரத்தினபுரிப் பாதையும் மூடப்பட்டது. 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டு எஞ்சியிருப்பது கொழும்புக்கும் அவிசாவளைக்கும் இடைப்பட்ட பகுதியே.

இவற்றை நோக்கின் எட்டியாந்தோட்டைக்குத் தோற்றநாள் ஒன்று குறித்தல் இயலாமை விளங்கும். துறை முந்தியது, தோட்டம் அதன் பின்னது, புகையிரதம் அதனினும் பின்னது, பட்டினத்துக்குச் சட்டப்படி எல்லை வகுத்தல் வேறொரு செயல். இவற்றுள் எதனைத் தோற்றம் என்பது? நிலப்படத்தைக் கைக்கொண்டவர் எல்லை வகுத்த நாளையே தோற்றம் என்பர். படம் அந்நாளைத்தான் அறியும்.

இனி, நாம் கூறிய எட்டு வினாக்களையும் படத்தின்மேல் ஏற்றிப் பார்ப்போம்.

ஆக்கியோன் அரசாங்க நிலவளவைத் திணைக்களம். இது 1800ஆம் ஆண்டில், ஆங்கிலர் இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிச் சின்னாட்களுக்குள், நிறுவப்பட்டது. நாட்டின் நிலத்தை அறியாமல் நாட்டை ஆளுதல் ஒல்லாது என்பதை ஆள்வோர் நன்கு உணர்ந்திருந்தனர். வழி என்பது முந்தைய அளவைகள்: பெருமுக்கோண அளவையும் காணித்துண்டு அளவைகளும். பெயரோ தாளின் தலைப்பிலே உளது. ஒவ்வொரு தாளும் தன்னகத்துள்ள முதன்மையான ஊரின் பெயரால் வழங்கும். புவியியல் மாணவர் பல தலைமுறையாகப் பரீட்சைக்குப் பயின்ற ஓரங்குலப் படத்தொகுதி 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்தியது. அதில் 72 தாள்கள் உள. பின்னாளில் 1:50,000 அளவுத்திட்டத்துப் படங்கள் அதன் இடத்தைப் பெற்றன.

யாப்பு என்னும் வினா மிக முதன்மையானது. தொகுத்தல், விரித்தல் முதலிய முறைகளை இலக்கண நூலார் கூறுவர். நிலப்படம் முழுவதும் தொகுத்தலே. அதன் தொகுப்புவிதி அளவுத்திட்டம். ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்குமிடத்துக் கால் மைல் நீளமான கடைத்தெரு கால் அங்குலமாகும். ஐந்நூறு பேர் நெருங்கி நடக்கும் தெரு நகக்கண் அளவினதாய்விடும். மாறாக, ஒரு சங்கிலியை ஓரங்குலமாகக் காட்டும் காணிப்படத்தில் அதே தெரு இருபது அங்குலம் நீளும். ஒவ்வொரு கடையின் முன்சுவரும் அதில் இடம்பெறும். எனவே எதனைத் தொகுப்பது, எதனை விரிப்பது என்பது கண்ணின் ஆற்றலைப் பொறுத்ததன்று, தேவையைப் பொறுத்தது. உறுதியும் குத்தகையும் வரியும் உள்ள இடத்தில் படம் விரியும். அவை இல்லாத இடத்தில் சுருங்கும். தோட்டத்தைப் பொறுத்தவரை விரிந்த படம் தோட்டத்தின் புறவெல்லையையும், மலைப்பிரிவுகளையும், தேயிலை இறப்பர் ஏக்கர்க் கணக்கையும் அடியடியாகக் காட்டும். லயமோ ஒரு நீண்ட கட்டம் மாத்திரமே. அக்கட்டத்துள் எத்தனை காம்பரா, ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை குடும்பம் என்பது படத்திற்கு வேண்டப்படாத பொருள்.

இதனாற் படம் நுதலிய பொருள் நிலமே, குடி அன்று என்பது பெறப்படும். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டமும் 1897ஆம் ஆண்டுத் தரிசுநிலச் சட்டமும் உறுதி காட்டவியலாத காட்டுநிலத்தையும் சேனைநிலத்தையும் அரசுடைமை எனக் கருத வழிவகுத்தன. அவற்றை நடைமுறைப்படுத்த அளவையும் படமும் இன்றியமையாதன. சிங்களக் கிராமத்தவன் தன் முன்னோர் சேனை செய்த மேட்டுநிலத்தை இழந்ததும் படத்தின் வாயிலாகவே; தோட்டக்காரன் அதனைப் பெற்றதும் படத்தின் வாயிலாகவே. எனவே படத்தாற் புறந்தள்ளப்பட்டோர் தோட்டத் தமிழர் மட்டுமே எனக் கொள்வது பிழையாம். நிலத்தை இழந்தவனும் நிலம் இல்லாது வந்தவனும் ஆகிய இருவரும் ஒரே படத்தின் இரு ஓரங்களில் நிற்கின்றனர். கேட்டற்குரியோர் ஆள்வோரும் உடைமையாளரும். பயன் உடைமையை நிலைநாட்டுதல். இவ்வளவும் தெளிந்தபின், ஊரின் தோற்றத்தை அப்படம் முற்றக் கூறும் என எதிர்பார்த்தல் மருத்துவ ஏட்டிற் சோதிடம் தேடுதலை ஒக்கும்.

படம் கூறாதது யாது? கடைத்தெருவின் காலம். தோட்டத்துத் தொழிலாளிக்கு அரிசியைத் தோட்டமே கணக்கில் வைத்து வழங்கிய நெடுங்காலத்தில், கையிற் பணமாகச் சேர்ந்தது சிறு தொகையே. அச்சிறு தொகை சம்பள நாளை அடுத்துக் கடைத்தெருவுக்கு இறங்கிற்று. துணி, மிளகாய், கருவாடு, புகையிலை, வெற்றிலை, விளக்கெண்ணெய், பிள்ளைக்கு ஒரு வளையல் ஆகியவற்றை நாடி வந்த கூட்டமே கடையைக் கடையாக்கியது. அக்கூட்டத்தை எதிர்பார்த்தே செட்டியாரும் சோனக வணிகரும் கரைநாட்டுச் சிங்கள முதலாளியும் தெருவோரத்தில் முன்கடை எடுத்தனர். சுற்றுக் கிராமத்தவன் தன் பாக்கையும் பலாவையும் அதே தெருவில் விற்றான். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடைப்பட்ட இக்கடைத்தெரு இரு பாக்கங்களுக்கு இடைப்பட்ட நாளங்காடியின் இயல்பினதே. ஆனால் நாளங்காடிக்கு ஒரு காப்பியம் வாய்த்தது. இதற்கு வாய்த்ததோ ஓரளவைப் படம். அப்படம் கடைகளின் சுவரை அளந்து, கடைக்கு வந்தோரை அளவாது விட்டது. மாதத்தில் ஒருநாள் நிரம்பி வழிந்து மறுநாள் ஒழிந்து கிடக்கும் தெருவை எக்கோட்டினால் வரைவது?

படம் கூறாத மற்றொன்று தோட்டங்களின் தமிழ்ப் பெயர். படத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயரோ சிங்களப் பெயரோ உண்டு. தொழிலாளரிடையே அதே தோட்டம் பிறிதொரு பெயரால் வழங்கும். முதலிற் காடழித்த துரையாலோ, ஆள்கட்டி வந்த பெரிய கங்காணியாலோ, நின்ற மரத்தாலோ, கிடந்த பாறையாலோ அப்பெயர் அமையும். மலையின் ஒவ்வொரு துண்டுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூவும் பெயர் உண்டு. அப்பெயர்களை அறியாத துரை தன் தோட்டத்தில் வேலை ஏவுதல் இயலாதாயிற்று. ஆகவே தோட்டம் நடைபெற்றது தமிழ்ப் பெயரால். விற்கப்பட்டதும் வாங்கப்பட்டதும் படத்திலுள்ள பெயரால். பழம்பொருளாராய்ச்சி அறிஞர் எச். சி. பி. பெல் கேகாலை மாவட்டம் பற்றி 1892ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை இப்பகுதி வரலாற்றுக்குத் தலைசிறந்த கருவிநூல். விகாரைகளையும் தேவாலயங்களையும் கல்வெட்டுகளையும் அவர் ஊரூராய் ஆராய்ந்தார். பழமையே அவர் நுதலிய பொருளாதலின், அவர் காலத்திலேயே முளைத்துக்கொண்டிருந்த தோட்டக் கடைத்தெருக்கள் அவர் ஆராய்ச்சிக்கு உட்படவில்லை. அதனைக் குறையெனல் ஆகாது. பின்வந்தோர் அக்கடமையை ஏற்காமையே குறை.

இதுகாறும் கூறியவை ஏட்டளவிலான திறனாய்வாக மட்டும் அமையின் அவற்றால் வரும் பயன் சிறிதே. எல்லை என்னும் பாயிரக்கூறு மக்களின் வாழ்விலே புகுந்த வரலாறு ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டில் சிறுநகர்ச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுபட்டினம் என்பது ஒரு சட்டப்பொருள் ஆயிற்று. எல்லை குறிக்கப்பட்ட அவ்வூர்களுக்குச் சுகாதாரச் சபைகள் வாய்த்தன. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பட்டின சபைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. தெருவிளக்கு, வடிகால், குழாய்நீர், சந்தைக் கட்டிடம் என்பன எல்லைக்குள் வந்தன. எல்லைக்கு வெளியே கிராமம் கிராமச் சங்கத்துக்கு உரியது; தோட்டம் துரைக்கு உரியது. 1937ஆம் ஆண்டில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டவிடத்து ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அது மறுக்கப்பட்டது. அவர்களால் வளர்ந்த கடைத்தெரு பட்டினம் ஆயிற்று. அவர்கள் அதன் எல்லைக்கு அப்பால் நின்றனர்.

ஊரெல்லையில் நின்றவர்களை நாட்டெல்லையிலும் நிறுத்தியது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டினாற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்றோர் என்னும் நிலைக்கு முடிவு கண்டது. இதற்கிடையே 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இன் பின் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உரியவர் பெயர் மாறியது. லயத்தைக் குறித்த கட்டம் மாறவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதற்குத் தடையாக நின்றது. அது 2018இலேதான் திருத்தப்பட்டது. சபைக்கு வாக்களித்தவன் தன் வாயிலிற் சபையின் வீதியைக் காணவியலாத நிலை முப்பதாண்டு நீடித்தது. நெடுங்காலமாகத் தோட்டத்தானுக்கு வந்த கடிதமும் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து அங்கிருந்தே அவன் கையை அடைந்தது. தெருவில்லாதவனுக்கு முகவரி ஏது? எனவே தெருப்படத்தில் இடமின்மை என்பது வெறும் சித்திரக்குறை அன்று. கடிதமும் விளக்கும் நீரும் வாக்கும் அதனோடு பிணைந்தவை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். படத்தின்மீது இத்துணைக் குற்றம் சுமத்துவது முறையோ? படம் வரைந்தவன் சட்டம் இயற்றியவன் அல்லனே. அட்டை கடிக்கும் காட்டிலே சங்கிலி இழுத்து நடந்த அளவுகாரனும் அவன் ஆட்களும் செய்த பணி அரிய பணியன்றோ என்பர். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. படம் பொய் கூறவில்லை. தன் பொருளைத் தான் கூறிற்று. 1942க்குப் பின் எட்டியாந்தோட்டைக்குப் புகைவண்டி வரவில்லை. அது வந்ததென்பதை நினைவிற் கொண்டோரும் மறைந்து வருகின்றனர். பழைய படமோ அப்பாதையை இன்றும் காட்டி நிற்கும். மாந்தர் மறப்பதைத் தாள் மறவாது. குற்றம் படத்தினதன்று, படம் கூறாததை இல்லை எனத் துணியும் படிப்போனது.

மேலும், படம் வேண்டா என்னும் முடிவு தோட்ட மக்களுக்கே கேடு பயக்கும். 2016ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொகுப்பிட்டியிலே தோட்டக் குடியிருப்பும் மண்ணிற் புதைந்து உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய இடங்களைக் காட்டும் படங்களை இம்மாவட்டங்களுக்கு வரைந்துள்ளது. லயம் எச்சரிவில் நிற்கின்றது, அதில் எத்தனைபேர் உறங்குகின்றனர் என்பதைக் காட்டும் படமே உயிர்காக்கும் படம். காணியுரிமையும் அவ்வாறே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா 120 சதுர அடி. அரைப் பேர்ச்சுக்கும் குறைந்தது. அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட ஏழு பேர்ச் நிலம் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பரப்பளவில் மட்டும் இல்லை. பின்னதற்கு அளவைப்படமும் உறுதியும் உண்டு. முன்னதற்கு இரண்டும் இல்லை. நூறாண்டுக்கு மேலாகப் பிறரின் உடைமையை நிலைநாட்டிய அளவைச் சங்கிலி இப்பொழுது தோட்டத்தானுக்காகவும் இழுக்கப்படல் வேண்டும் என்பதே நியாயமான வேண்டுகோள்.

ஆதலின் இப்பகுதியின் வரலாற்றை எழுத முற்படுவோர் செய்யத்தக்கது படத்தை ஒதுக்குதலன்று, அதற்கு உரை வரைதல். மூலநூல் சுருங்கச் சொல்லியதை உரையாசிரியர் விரித்துரைத்தல் நம் மரபு. சொல்லாது விட்டதை அவர் வருவித்துரைப்பதும் உண்டு. அவ்வாறே, ஓரங்குலப் படத்திலுள்ள ஒவ்வொரு தோட்டப் பெயருக்கும் எதிரே அதன் தமிழ்வழக்குப் பெயரை எழுதுதல் வேண்டும். கடைத்தெருவின் பழைய கடைகள் யாருடையன, அவற்றின் பற்றேடுகளில் எவ்வெத்தோட்டத்தார் பெயர் கொண்டனர் என்பன தொகுக்கப்படல் வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களின் உபயக் கணக்கும், பாடசாலை வரவேடும், பிரசவப் பதிவேடும் வரலாற்றுக் கருவிகளாய் மதிக்கப்படல் வேண்டும். இவை சிதையும் தாள்கள். சொல்லும் முதியோரும் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வரும் மாணவர் இப்பணிக்குப் பிறரினும் தகுதி வாய்ந்தவர். படத்தைப் படிக்கும் பயிற்சி கல்லூரியிற் கிடைக்கும். படம் விட்டதை அறிந்தோர் அவர் வீட்டிலேயே உளர்.

எட்டியாந்தோட்டையை எடுத்தவர் யார் என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். அரசன் ஒருவன் நாட்பார்த்து எடுத்த ஊர் அன்று அது. எல்லை குறித்த அதிகாரி எடுத்ததும் அன்று. அவர் எல்லை குறிக்க வந்தபோது குறிப்பதற்கு ஓர் ஊர் அங்கே இருந்தது. துறையிற் படகு விட்டவனும், சேனை இழந்தும் சந்தைக்கு வந்தவனும், முன்கடை எடுத்தவனும், சம்பள நாள் மாலையில் மலையிறங்கி வந்தவளும் சேர்ந்து எடுத்த ஊர் அது. படம் அவர்களுள் சிலருக்குக் காணித்துண்டும் இலக்கமும் அளித்துச் சிலரை வெளியே நிறுத்தியது. வெளியே நின்றோர் ஊருக்கு வந்தேறியவர் அல்லர். அவரும் அதனை எடுத்தவரே. இவ்வுண்மை பட்டினத்தின் வரலாற்றிலும் பட்டினத்தின் படத்திலும் ஒருங்கே எழுதப்படுதல் வேண்டும்.